ஆகாயமார்க்கமாய்ப் பயிருக்கு மருந்து தெளித்தல்
ரமணாசிரமப் பகுதி நிலங்களை முன்னிட்டுச் சில யோசனைகள்

பயிரில் பூச்சியும் நோயும் கண்டவிடத்து மருந்து தெளிப்பது நம் ரயத்துகளுக்குப் புதிய விஷயமன்று. தெளிப்பதற்கு ஆள் கிடைப்பதுதான் இப்பொழுது அரிதாகிவிட்டது. சம்பாப் பயிர் தூர் கட்டும் சமயத்தில் ஒரு கிராமம் முழுவதற்கும் ஒரே வாரத்தில் மருந்து தேவைப்படுகிறது. கைத்தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டு சேற்றில் நடக்க இணங்குவோர் வருஷத்திற்கு வருஷம் குறைந்து வருகின்றனர். மருந்து சில நாள் பிந்தினால் புழு தண்டுக்குள் புகுந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தெளித்தாலும் பணம் விரயமேயன்றிப் பிரயோஜனமில்லை. இக்குறையைத் தீர்க்க வந்திருப்பதே டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம்.

இக்கருவி சகல நோய்க்கும் சஞ்சீவி என்று புகழ்வோரும் உளர். ஆபத்தென்று அடியோடு வெறுப்போரும் உளர். இரண்டும் சரியல்ல. ஒரு கருவி நல்லதா கெட்டதா என்பது அதை எவ்விடத்தில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே வயலும் வீடும் அடுத்தடுத்து அமைந்துள்ள ஓரிடத்தை, அதாவது திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமப் பகுதியை, உதாரணமாக வைத்துக்கொண்டு இவ்விஷயத்தை விசாரிப்போம். இவ்விடத்தின் கணக்கு, நகரத்தை அடுத்துள்ள வேறு கிராமங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இம்முறை வந்த வழி

ஆகாயத்திலிருந்து மருந்து தூவுதல் நூறாண்டு கடந்த வழக்கம். 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி, அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து ட்ராய் என்னும் ஊருக்கு அருகில், மரங்களை அழித்த புழுக்களின்மேல் ஒரு விமானத்திலிருந்து மருந்துப்பொடி தூவப்பட்டது. ஆளில்லாத கருவியைக் கொண்டு இவ்வேலையைச் செய்வதில் முந்தியது ஜப்பான். இளைஞர்கள் பட்டணம் போய்விட, முதியோரே நெல் வயலில் எஞ்சியிருந்த அத்தேசத்தில், யமஹா கம்பெனியார் 1987-இல் ஆர்-50 என்னும் ஆளில்லா ஹெலிகாப்டரை வெளியிட்டனர்.

நம் தேசத்தில் 2020-ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்தில் பாலைவன வெட்டுக்கிளிகள் திரண்டு வந்தபோது, உயர்ந்த மரங்களிலும் ஆள் செல்லவியலாத இடங்களிலும் மருந்து தெளிக்க டிரோன்கள் ஏவப்பட்டன. 2021 ஆகஸ்டில் டிரோன் விதிகள் பிரசுரமாயின. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய வேளாண்மை அமைச்சகம், மருந்து தெளிப்பதற்கான நடைமுறை ஒழுங்குகளை வெளியிட்டது. நம் மாகாணத்தில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் இத்துறையில் நெடுநாள் ஆராய்ச்சி செய்து வந்திருக்கிறது. பின்னர் தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனக் கழகம் என்னும் அரசு நிறுவனமும் ஏற்பட்டு, ஓட்டுவோருக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

கருவியின் அமைப்பும் வேலையும்

சாதாரணமாக வயலுக்கு வரும் கருவியில் நான்கு அல்லது ஆறு விசிறிகளும், 10 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியும், சிறு பம்பும், தெளிப்பு மூக்குகளும் இருக்கும். மின்கலத்தால் இயங்குவது. தொட்டி நிறைந்த நிலையில் ஒரு மின்கலம் சுமார் 10 முதல் 15 நிமிஷம் வரை தாங்கும்; ஆதலால் ஒரு நாள் வேலைக்குப் பல ஜோடி மின்கலங்கள் வேண்டும். வயலின் எல்லையை முன்னதாகக் குறித்துக் கொடுத்துவிட்டால், செயற்கைக்கோள் வழிகாட்டலைக் கொண்டு கருவி தானே வரிசை வரிசையாய்ப் பறந்து தெளிக்கும்.

பயிருக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில், 4 மீட்டர் அகலம் தெளித்துச் செல்லும் கருவி நொடிக்கு 16 சதுர மீட்டர் முடிக்கிறது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே தெளிப்புக்கு மாத்திரம் 4 நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகும். திரும்புதல் முதலியவற்றைச் சேர்த்தால் 7 முதல் 10 நிமிஷம் எனக் கொள்ளலாம். இதே ஏக்கரைக் கைத்தெளிப்பானால் முடிக்க 200 லிட்டர் நீர் வேண்டும். 16 லிட்டர் டேங்க்கை 12, 13 முறை நிரப்பிச் சுமக்க வேண்டும்.

இதில் உடல்நலத்தைப் பற்றிய அனுகூலமே பெரிது. கைத்தெளிப்பானுடன் நடப்பவன், தான் அடித்த மருந்துப் புகையினுள்ளேயே நடக்கிறான். 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாகாணத்து யவத்மாள் ஜில்லாவில், ஆள் உயரம் வளர்ந்த பருத்திக்கு மருந்தடித்த கூலியாட்களும் குடியானவர்களுமாக 20 பேருக்கு மேல் விஷம் ஏறி மாண்டனர். டிரோன் ஓட்டுபவனோ வயலுக்கு வெளியே, காற்றுக்கு எதிர்ப்புறத்தில் நின்று வேலையை முடிக்கிறான். இவ்வொரு காரணத்திற்காகவே இக்கருவி நம் கிராமங்களுக்கு வரவேண்டியதென்பதில் ஐயமில்லை.

இருபது மடங்கு என்னும் கணக்கு

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏக்கருக்கு 100 மில்லிலிட்டர் மருந்து என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் நீரில் கலந்தால் லிட்டருக்கு அரை மில்லிலிட்டர் ஆகிறது. அதே 100 மில்லிலிட்டரை டிரோனுக்காக 10 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 10 மில்லிலிட்டர் ஆகிறது. அதாவது நீரின் காரம் 20 மடங்கு. ஏக்கருக்கு விழும் மருந்து ஒன்றேயாயினும், ஒவ்வொரு துளியும் 20 மடங்கு உக்கிரமுடையது. மேலும் அத்துளிகள் மிக நுண்ணியவை. கைத்தெளிப்பான் மூக்கைவிட உயரத்திலிருந்து விழுபவை. ஆதலால் காற்றில் எளிதில் அடித்துச் செல்லப்படுபவை.

நம் வயலைத் தாண்டிச் செல்லும் துளி பக்கத்து வயலின் பூச்செடியில் விழலாம். மாட்டுக்கு அறுக்கும் புல்லில் விழலாம். திறந்த கிணற்றில் விழலாம். திண்ணையில் விளையாடும் குழந்தையின் மேலும் விழலாம். கைத்தெளிப்பான் காலத்தில் பெரிதாய்த் தோன்றாத இவ்வபாயம், டிரோன் காலத்தில் பெரிதாகிறது.

இது வீண் பயமன்று என்பதற்குக் கேரளத்துக் காசர்கோடு சாட்சி. அங்கு அரசுத் தோட்டக் கழகத்தாரின் முந்திரித் தோட்டங்களில், 1970-களின் பிற்பகுதி முதல் 2000-ஆம் ஆண்டு வரை என்டோசல்பான் மருந்து ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு இடையிடையே வீடுகளும் நீரோடைகளும் இருந்தன. அக்கிராமங்களில் குழந்தைகளுக்கும் பெரியோருக்கும் நேர்ந்த துன்பம் தேசம் முழுவதும் அறிந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. 2017-இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு ரூ.5 லட்சம் அளிக்க உத்தரவிட்டது. டிரோன், ஹெலிகாப்டரைவிடத் தாழப் பறப்பது, அளவறிந்து தெளிப்பது, மருந்தும் வேறு. ஆயினும் வீட்டையும் நீரையும் விலக்கி வைக்காமல் மேலிருந்து மருந்து விடலாகாது என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

ரமணாசிரமப் பகுதியின் நிலைமை

இப்பகுதி அருணாசல மலையின் தென் அடிவாரத்தில் உள்ளது. ஆசிரமத்தைச் சுற்றிலும் செங்கம் சாலையின் இருமருங்கிலும் முன்னர் விளைநிலமாயிருந்தவற்றில் பல, வீடுகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய வயல்கள் வீடுகளுக்கு நடுவே துண்டு துண்டாய்க் கிடக்கின்றன. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்நாளும் ஜனங்கள் நடந்து செல்வர். பௌர்ணமியில் கூட்டத்திற்கு அளவில்லை. மயில்கள் வயலிலும் வீட்டுக் கூரையிலும் சஞ்சரிக்கின்றன. அருகில் சமுத்திரம் ஏரி இருக்கிறது.

காற்றின் போக்கையும் நோக்குக. தென்மேற்குப் பருவத்தில், முக்கியமாய் ஆடி மாதத்தில், மேற்கிலிருந்து வீசும் காற்று, நகரத்திற்கு மேற்கேயுள்ள வயல்களின் துளியைக் குடியிருப்பை நோக்கியே கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எதிர்த்திசையில் கொண்டுபோகும். அன்றியும் மலையடிவாரங்களில் இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்குவதும், வெயிலேறிய பின் மேலேறுவதும் இயல்பு. ஆகவே நேற்றைய காற்றைக் கொண்டு இன்றைய காற்றைத் தீர்மானிக்கலாகாது.

எல்லைக் கணக்கு

வீடு, பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு, ஏரி, மாட்டுத்தொழுவம், ஜனங்கள் நடக்கும் பாதை இவற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் அகலத்திற்கு டிரோனால் தெளிக்காமல் விட்டுவிட வேண்டுமென்பது எமது யோசனை. மருந்துச் சீட்டில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதுவே பிரமாணம்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். ஒரு பக்கத்தில் வீடுகள் இருப்பின், அப்பக்கத்தில் 50 மீட்டரை ஒதுக்கிய பின் எஞ்சுவது 14 மீட்டர். அதாவது நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு டிரோனுக்கு உதவாது. அப்படிப்பட்ட நிலத்திற்கு டிரோனை அழைப்பது வாடகைக்குக் கேடு.

அடுத்தடுத்த ஐந்து ஏக்கரை ஐந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் ஒரே பயிருக்குத் தெளித்தால் என்ன ஆகிறது? சதுரமான ஐந்து ஏக்கரின் பக்கம் சுமார் 142 மீட்டர். ஒரு பக்கம் 50 மீட்டர் ஒதுக்கினாலும் 92 மீட்டர் எஞ்சும். ஏறத்தாழ 3¼ ஏக்கர் டிரோனால் தெளிக்கக் கிடைக்கும். ஒதுக்கிய பட்டையில் அவசியமிருந்தால் கைத்தெளிப்பானால், தாழப் பிடித்து, தகுந்த பாதுகாப்புடன் அடித்துக்கொள்ளலாம்.

இதனால் விளங்குவது யாதெனில், இப்பகுதியில் டிரோன் தனி ரயத்தின் கருவியன்று. கூட்டு முயற்சிக்கு உரிய கருவி. குடியிருப்பை விட்டு விலகிய பெரும்பரப்புகளில், சேர்ந்து தெளிப்போர்க்கே அதனால் லாபமுண்டு. வீட்டுக்கொல்லைபோல் ஒடுங்கிய வயலுக்கு வேறு வழி தேடுவதே உத்தமம். அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. சாமை, தினை, பனிவரகு முதலிய தானியங்களுக்கு நெல்லைவிடப் பூச்சித்தொல்லையும் நீர்ச்செலவும் குறைவு. வீடுகள் சூழ்ந்த நிலமுடையோர் அம்மையத்தாரை அணுகித் தங்கள் மண்ணுக்கு ஏற்ற ரகத்தை விசாரிப்பது நலம்.

மருந்து அவசியமா என்று முதலில் பார்க்க

கருவி விரைவாய் வேலை செய்வதால், தேவையில்லாதபோதும் தெளிக்கும் ஆசை உண்டாகும். இதைத் தடுத்துக்கொள்ள வேண்டும். நெல்லில் குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல், அல்லது வளரும் பருவத்தில் 100-க்கு 10 குருத்து காய்ந்திருத்தல். இலைச்சுருட்டுப் புழுவுக்கு வளரும் பருவத்தில் 100-க்கு 10 இலை, பூக்கும் பருவத்தில் 100-க்கு 5 கண்ணாடி இலை சேதம். இவ்வளவு கண்டாலன்றி மருந்து வேண்டியதில்லை. வரப்பில் நின்று பார்த்தல் போதாது. வயலில் குறுக்காக நடந்து பல இடங்களில் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வேலையை எந்த யந்திரமும் நமக்காகச் செய்யாது.

எல்லாப் பூச்சிக்கும் மேலிருந்து தெளித்தல் ஏற்காது. இலையின் மேற்பரப்பிலுள்ள இலைச்சுருட்டுப் புழு, குலை நோய், நிலக்கடலையின் இலைப்புள்ளி நோய் இவற்றிற்கு ஏற்கும். புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேல் அமர்ந்திருப்பது. அடர்ந்த பயிரில் மேலிருந்து விழும் துளி அவ்விடம் சேர்வது கடினம். அதற்கு வயலில் நீரை வடித்தல், தழைச்சத்து உரத்தை மட்டுப்படுத்தல், நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுதல் ஆகியவையே முதல் வைத்தியம். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் நன்மை செய்யும் சிலந்திகளைக் கொன்று புகையானைப் பெருக்குமாதலால் அவற்றை நீக்க வேண்டும்.

200 லிட்டர் நீருக்கென்று ஏற்பட்ட கலவைகளை அப்படியே 10 லிட்டரில் கரைத்தலும் தவறு. உதாரணமாக நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 2 கிலோ என 200 லிட்டரில் கரைத்துத் தெளிக்கும் ஊட்டக்கலவையை 10 லிட்டரில் கரைத்தால் இலை கருகக்கூடும். வேப்பங்கொட்டைச் சாற்றை எவ்வளவு வடிகட்டினாலும் அதன் கசடு மூக்கை அடைத்துவிடும். அதைக் கைத்தெளிப்பானுக்கே வைத்துக்கொள்க.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் ஆகாயத் தெளிப்பைப் பற்றித் தனி விதி உண்டு. தெளிக்குமுன் 24 மணி நேரத்திற்குக் குறையாமல் பொதுஜனங்களுக்கு அறிவிப்பு செய்ய வேண்டும். தெளிக்கும் இடத்தை அடையாளமிட வேண்டியது தெளிப்போர் பொறுப்பு. சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட காலம்வரை உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கழுவிக்கொள்ளவும் முதலுதவிக்கும் வசதி இருக்க வேண்டும். இவை வெறும் சம்பிரதாயமல்ல.

டிரோன் விதிகளின்படி ஓட்டுபவர் 18 வயதுக்குக் குறையாமலும் 65-க்கு மேற்படாமலும், பத்தாம் வகுப்பு தேறியவராயும், அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயின்று சான்றிதழ் பெற்றவராயும் இருக்க வேண்டும். கருவிக்குப் பதிவெண் வேண்டும். பறக்கும் இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் மண்டலங்களில் எதைச் சேர்ந்தது என்று அரசாங்க வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் சான்றிதழையும் பதிவெண்ணையும் கேட்டுப் பார்த்தால் அது குற்றமாகாது, கேளாதிருப்பதே குற்றம். புலப்படத்தில் வீடு, கிணறு, பாதை இவற்றைக் குறித்து, ஒதுக்கவேண்டிய பட்டையை முன்னதாகவே வரைந்து கொடுத்தல் ஊருக்குப் பெரிய உபகாரம்.

தெளிக்கும் நாளில் அனுசரிக்க வேண்டியவை

1. பௌர்ணமி, தீபத் திருவிழா முதலிய கூட்ட நாட்களில் கிரிவலப் பாதையை ஒட்டிய வயல்களில் தெளிக்க வேண்டாம்.
2. காற்று நொடிக்கு 3 மீட்டருக்கு, அதாவது மணிக்கு சுமார் 11 கிலோமீட்டருக்கு, மேற்பட்டால் நிறுத்துக. காற்றே அசையாத விடியற்காலத்திலும் துளி தரையிறங்காமல் மிதந்து செல்லும். இளங்காற்று எழும்வரை பொறுத்திருக்க. காற்று குடியிருப்பை நோக்கி வீசினால் அன்று தெளிக்க வேண்டாம்.
3. நெல் பூத்திருக்கும் காலத்தில் காலை 9 மணி முதல் நண்பகல் வரை தெளிக்கலாகாது. தேனீ வளர்ப்போருக்கு முன்னறிவிப்புச் செய்க.
4. சிவப்பு முக்கோணமிட்ட கொடிய மருந்துகளை மேலிருந்து தெளிக்க வேண்டாம். டிரோனுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தையே, சீட்டில் கண்ட அளவில் பயன்படுத்துக. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கலக்கும் வழக்கத்தை விடுக.
5. முதலில் வெறும் நீரைக் கொண்டு பறக்கவிட்டுச் சோதிக்க. நீரில் சிறிது சாயம் கலந்து, பயிரின் நுனி, நடு, அடி ஆகிய மூன்று இடங்களில் வெள்ளைக் காகிதத் துண்டுகளைக் கட்டிவைத்தால், துளி எங்கே சேர்கிறது, எங்கே சேரவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.
6. மருந்து கலப்பவனுக்கே இம்முறையில் ஆபத்து அதிகம். 20 மடங்கு கார நீர் அவன் கையில் இருக்கிறது. கையுறை, முகமூடி, கண்ணாடி இன்றிக் கலக்கலாகாது.
7. தொட்டி கழுவிய நீரை வாய்க்காலிலோ ஏரியிலோ விடாமல், தெளித்த வயலிலேயே விடுக.

வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?

சில ஏக்கர் உடையவர் தனியே கருவி வாங்குவது உசிதமன்று. ஆண்டில் சில நாளே வேலை. மின்கலமோ வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் தேயும். 2022-ஆம் ஆண்டில் வெளியான விதிகளின்படி வாடகை மையங்களுக்கு விலையில் 40 சதவீதம் வரை, ரூ.4 லட்சத்துக்கு மேற்படாமலும், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதம் வரை, ரூ.5 லட்சத்துக்கு மேற்படாமலும் மானியம் ஏற்பட்டது. 2023 நவம்பரில் மத்திய அரசு 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், ரூ.8 லட்சம் வரை உதவி அளிக்கும் திட்டத்தை அங்கீகரித்தது. நடப்பு விகிதங்களை வேளாண்மை இலாகா அல்லது வேளாண்மைப் பொறியியல் இலாகா ஆபீசில் கேட்டறிந்துகொள்க. ஊரிலுள்ள உற்பத்தியாளர் குழுவோ மகளிர் குழுவோ ஒரு கருவியை வைத்துப் பல கிராமங்களுக்கு வாடகைக்கு விடுவதே நடைமுறைக்கு ஏற்றது.

ஆகவே நிலமுடையோர் செய்யத்தக்கது இது: வருகிற பட்டத்திற்கு முன்னதாகவே, அடுத்தடுத்த நிலமுடைய நாலைந்து பேர் கூடி, ஒரே பயிரை ஒரே வாரத்தில் நடுவதென்று தீர்மானித்து, புலப்படத்தில் விலக்கு எல்லையைக் குறித்து, கிராம அதிகாரிகளிடம் கொடுத்து வைக்கவேண்டும். அதன் பின் பூச்சி கண்டால், கருவி வந்த ஒரு முற்பகலில் வேலை முடிந்துவிடும். பக்கத்து வீட்டாருக்கும் பயமிராது, கூலியாளுக்கும் விஷமில்லை, பயிருக்கும் தக்க சமயத்தில் மருந்து சேரும். இவ்விதம் கூடிச் செய்ய விரும்பும் கிராமத்தார் தம் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தாரைக் கலந்துகொள்வது நலம்.